சிறுநீரகப் பாதிப்பு முன்கணிப்பு, இயந்திரக் கற்றல்வழி

தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கும் நோயாளிக்குத் திடீர்ச் சிறுநீரகப் பாதிப்பு வரக்கூடுமா என்று இரத்தப் பரிசோதனை, சிறுநீர் அளவு, இரத்த அழுத்தம், மருந்து விவரம் ஆகியவற்றைக் கொண்டு கணினி முன்கூட்டியே கணிக்கும் முறை. செப்சிஸ் எனும் கடும் தொற்றுநிலை, பெரிய அறுவைச் சிகிச்சை, சிலவகை மருந்துகள் ஆகியவை இப்பாதிப்பின் முதன்மைக் காரணங்கள். 33 நாடுகளின் 97 தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் நடந்து 2015இல் வெளியான ஆய்வில், நோயாளிகளுள் 57.3 விழுக்காட்டினரிடம் இது காணப்பட்டது.

வரையறையும் வகைப்பாடும்

இந்நோய்க்கு நெடுங்காலம் ஒருமித்த வரையறை இல்லை. 2004இல் வெளியான ரைஃபிள் வகைப்பாடு ஆபத்து, காயம், செயலிழப்பு, இழப்பு, இறுதிநிலை என ஐந்து படிகளை வகுத்தது. 2007இல் வந்த ஏகின் வகைப்பாடு, இரத்தத்தில் சிறுநீரகம் வடிகட்டும் கழிவுப்பொருளான கிரியேட்டினின் 48 மணி நேரத்துக்குள் டெசிலிட்டருக்கு 0.3 மில்லிகிராம் உயர்வதையும் பாதிப்பாக ஏற்று, படிகளை மூன்றாகச் சுருக்கியது. இரண்டையும் இணைத்தது 2012இன் கேடிகோ வழிகாட்டி. அதன்படி, கிரியேட்டினினின் அதே 0.3 மில்லிகிராம் உயர்வு, அல்லது 7 நாளுக்குள் ஒன்றரை மடங்கு உயர்வு, அல்லது 6 மணி நேரமாக உடல் எடையில் கிலோவுக்கு மணிக்கு 0.5 மில்லிலிட்டருக்கும் குறைவான சிறுநீர் என்பது முதல் நிலை. கிரியேட்டினின் இரு மடங்கானால் இரண்டாம் நிலை. மும்மடங்கானாலோ டயாலிசிஸ் தொடங்கினாலோ மூன்றாம் நிலை.

இவ்வரையறையே கணினிக்குப் பாடமாகிறது. எனவே முன்கணிப்பின் தரம் இதையே சார்ந்தது. சிறுநீர் அளவை விட்டுவிடும் ஆய்வுகள் பாதிப்பைக் குறைத்தே எண்ணுகின்றன. மணிக்கணக்கில் சிறுநீர் அளக்கப்படும் தீவிர சிகிச்சைப் பிரிவில் இக்குறைக்கு இடமளிக்கலாகாது.

முறைகள்

கிரியேட்டினின், சிறுநீரகம் பாதிக்கப்பட்டுப் பல மணி நேரம் கழிந்தே உயர்வதால் முன்கணிப்பு தேவையாகிறது. பாஸ்டன் நகரின் பெத் இஸ்ரேல் டீக்கனஸ் மருத்துவமனைப் பதிவுகளால் ஆன மிமிக் தரவுத்தளம் பல ஆய்வுகளுக்கு அடிப்படை. முடிவு மரங்கள் பலவற்றை ஒருங்கே பயன்படுத்தும் முறைகளும் நரம்பியல் வலையமைப்புகளும் மிகுதியாகக் கையாளப்படுகின்றன. பெல்ஜியத்தின் லூவன் ஆய்வாளர்கள் 2017இல் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கெனவே ஒரு கணிப்பானை வெளியிட்டனர். 2019இல் டீப்மைண்ட் எனும் செயற்கை நுண்ணறிவு நிறுவனம், அமெரிக்க முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளின் 7,03,782 பேரின் பதிவுகளைக் கொண்டு, உள்நோயாளிகளின் பாதிப்புகளுள் 55.8 விழுக்காட்டை 48 மணி நேரம் வரை முன்னதாகக் கண்டது. ஒவ்வொரு சரியான எச்சரிக்கைக்கும் இரண்டு தவறான எச்சரிக்கைகள் எழுந்தன. அத்தரவில் பெண்கள் ஏறத்தாழ 6 விழுக்காட்டினரே என்பதும் ஒரு குறை.

இன்றைய நிலை

எச்சரிக்கை மட்டும் உயிர் காப்பதில்லை. பாதிப்பு தொடங்கியதும் மருத்துவருக்குக் கணினி எச்சரிக்கை அனுப்பிய, 6,030 நோயாளிகள் அடங்கிய யேல் பல்கலைக்கழக ஆய்வில் (2021) இறப்பு குறையவில்லை.