பப்பாசிப் பாலும் மருந்துக் கூடும்

கண்டி நகரைச் சூழ்ந்த வீட்டுத் தோட்டங்களில் பலாவும் கமுகும் மிளகுக்கொடியும் அடர்ந்து நிற்கும். அவற்றினிடையே பப்பாசியும் தலைநீட்டக் காணலாம். இறைச்சி வேக மறுக்கும்போது பச்சைப் பப்பாசித் துண்டொன்றைச் சேர்த்துச் சமைப்பது இல்லந்தோறும் அறிந்த வழக்கம். இந்தச் சமையலறை உண்மைக்கும் புற்றுநோய் மருத்துவத்துக்கும் நெருங்கிய உறவு உண்டு.

பப்பாசிப் பாலில் உறையும் நொதியமே இறைச்சியின் புரதத்தை அறுத்து மென்மையாக்குகிறது. 1879ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர்கள் வூர்ட்சும் பூஷாவும் அதற்குப் பப்பெயின் எனப் பெயரிட்டனர். காயைக் கீறி, வடியும் பாலை உலர்த்தி உலகச் சந்தைக்கு அனுப்பிய நாடுகளுள், இரண்டாம் உலகப்போருக்கு முன்னர் இலங்கை முதல் வரிசையில் நின்றது.

1955ஆம் ஆண்டில் பெல்ஜிய அறிஞர் கிறிஸ்தியான் டி டுவே, உயிரணுவுக்குள் இலைசோசோம் என்னும் நுண்பை இருப்பதை வெளியிட்டார். அப்பையிலுள்ள கதெப்சின் பி என்ற நொதியம் பப்பெயினின் குடும்பத்தது என்பது பின்னர் புலனாயிற்று. தோட்டத்துக் காயிலுள்ள கத்தியின் இனத்ததே மனித உடலிலும் உண்டு எனலாம்.

1960களின் முற்பகுதியில், கேம்பிரிட்ஜை அடுத்த பாபிரகாமில் அலெக் பாங்கம் என்பவர், சிலவகைக் கொழுப்புகள் நீரிற் கலந்ததும் தாமாகவே நுண்குமிழிகளாவதை ஆராய்ந்தார். இலிப்போசோம் எனப்பட்ட அக்குமிழிக்குள் மருந்தை அடைத்து அனுப்பலாம் என 1970களில் கிரிகோரியாடிஸ் முதலியோர் காட்டினர். ஆனால் ஈரலிலும் மண்ணீரலிலும் உள்ள காவல் உயிரணுக்கள் அவற்றை விரைந்து விழுங்கின. எனவே பல்பகுதியம் ஒன்றினாற் போர்வை அமைத்துக் குமிழியை மறைத்தனர். அத்தகைய கூட்டில் அடைத்த டொக்சோரூபிசின் மருந்துக்கு 1995ஆம் ஆண்டில் அமெரிக்கா அனுமதி வழங்கிற்று. இதயத்தைத் தாக்கும் அம்மருந்தின் தீங்கு இதனாற் குறைந்தது.

எனினும் காத்த போர்வையே தடையுமாயிற்று. நோயுற்ற இடத்தை அடைந்த பின்னரும் கூடு உயிரணுவோடு எளிதில் ஒட்டாது. மருந்தையும் தாராளமாக விடாது. வழியிலேயே திறந்துவிட்டாலோ நலமான உறுப்புக்கு நஞ்சாகும். இவ்விரண்டுக்கும் இடையேதான் நோயாளியின் உயிர் ஊசலாடுகிறது.

இதற்குத் தீர்வு தேடியோர் நொதியத்தை நாடினர். போர்வையைக் கூட்டோடு பிணைக்கும் இழையைச் சிறு புரதத் துண்டாக அமைத்தனர். புற்றுக்கட்டிகள் பலவற்றில் கதெப்சின் முதலிய புரதமறுக்கும் நொதியங்கள் மிகுந்திருக்கும். அங்கே இழை அறுபடும், போர்வை கழலும், கூடு உயிரணுவை நெருங்கி மருந்தைச் சொரியும். ஆய்வுகூடங்களில் இம்முயற்சி தொடர்கின்றது.

பூட்டுவதற்கு வேதியியல் கற்றவர் வேண்டும். திறக்கும் சாவியை உடல் முன்பே வைத்திருக்கிறது. அச்சாவியின் இனத்தை, கண்டித் தோட்டத்துப் பப்பாசியும் தன் பாலிற் சுமந்து நிற்கிறதன்றோ!