மழை நாள் மீன்: பத்து காஜா தோட்டங்களில் கூலிக் கணக்குக்கு வெளியே ஒரு வாழ்வாதாரம்

பால்மரத் தோட்டத்தில் விடியற்கால மழை என்றால் அன்று கூலி இல்லை. பட்டை நனைந்திருந்தால் வெட்டுக்கோட்டில் இறங்க வேண்டிய பால் மரத்தைச் சுற்றி வழிந்துவிடும். மங்கில், அதாவது பால் பிடிக்கும் கிண்ணத்தில், சேர்வதும் மழைநீர் கலந்து கெட்டுவிடும். பெரட்டு எனும் காலை ஆள்கணக்கெடுப்புக்கு வந்தவர்கள் வானத்தைப் பார்த்துவிட்டு லயத்துக்குத் திரும்புவார்கள். அதே மழைதான் கால்வாய்களில் புதுத்தண்ணீரை இறக்கும். புதுத்தண்ணீர் கண்டால் விராலும் கெளுத்தியும் பனையேறிக் கெண்டையும் குட்டையை விட்டு ஓட்டத்துக்கு எதிராக ஏறிவரும். கூலி நின்ற நாளில் மீன் வந்தது. ஆற்று மீனும் காட்டுக் கறியும் தோட்டத் தமிழருக்குப் பொழுதுபோக்காக இருக்கவில்லை. நாட்கூலி முறை விட்ட பள்ளத்தை நிரப்பிய இரண்டாவது வருமானமாக இருந்தன என்பதே இக்கட்டுரையின் வாதம். அந்த வருமானம் எந்தப் பேரேட்டிலும் ஏறவில்லை. ஆகவே, அது பறிபோனபோது இழப்பாகவும் பதிவாகவில்லை.

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் கிந்தா ஆற்றை ஒட்டிய பத்து காஜா, பிரிட்டிஷார் காலத்தில் கிந்தா மாவட்டத்தின் நிர்வாக மையம். ரப்பரும் ஈயமும் இங்கே அண்டை வீட்டுக்காரர்கள். வில்லியம் கெல்லி ஸ்மித் 1915-இல் மாளிகை எழுப்பத் தொடங்கிய கிந்தா கெல்லாஸ் தோட்டத்தின் ஓரமாக ராயா ஆறு ஓடுகிறது. தஞ்சோங் துவாலாங் போகும் வழியில், 1938-இல் கட்டப்பட்டு 1982 வரை ஈயம் தோண்டிய கப்பல் இன்றும் நிற்கிறது. அப்படிப்பட்ட கப்பல்களும் லம்பங்கள் எனப்படும் ஈயச் சுரங்கங்களும் தோண்டிவிட்டுப் போன பள்ளங்களில் நீர் தேங்கி, மீன் பெருகியது. ஜப்பானியர் ஆட்சியில் வந்து சேர்ந்த திலாப்பியாவும் இந்தக் குட்டைகளில் குடியேறியது. ஈயத் தொழில் ஆற்றைக் கலக்கிச் சேறாக்கியது உண்மை. அதன் மிச்சமே லயத்துச் சட்டிக்கு மீன் தந்ததும் உண்மை. இந்த முரணைத் தவிர்த்துவிட்டுக் கிந்தாவின் சமூக வரலாற்றை எழுத முடியாது.

கூலியைப் பார்ப்போம். 1928-இல் தரக்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. உலகப் பொருளாதார மந்தம் வந்ததும் 1930-இல் அது 40-ம் 32-மாக இறங்கியது. இவை வேலை நடந்த நாளுக்கான விகிதங்கள். கிந்தாவில் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் மழை கனக்கும். அந்த மாதங்களில் குடும்பத்தின் கையில் வந்த பணத்தை நாட்கூலியை வைத்து மட்டும் மதிப்பிட முடியாது. குடும்பம் உள்ள தொழிலாளிக்கு ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு நிலம், பயிர் செய்யவோ மாடு ஆடு மேய்க்கவோ, விட வேண்டும் என்று அன்றைய தொழிலாளர் சட்டம் சொன்னது. தோட்டக் குடும்பங்களைத் தாங்கியது காய்கறிப் பாத்தியும் பசுவும்தான், மீன் அல்ல என்று ஒருவர் மறுக்கலாம். பாத்தியையும் பசுவையும் நான் சிறிதாக மதிக்கவில்லை. ஆனால் பாத்திக்கு நிலம் அளந்து தர வேண்டும். பசுவுக்கு முதல் வேண்டும். மீனுக்கு ஒரு பழைய சேலை போதும்.

சேலை என்பது இங்கே உவமை அல்ல. கால்வாயின் குறுக்கே இரண்டு பெண்கள் சேலையை நீருக்குள் விரித்துப் பிடிப்பார்கள். பிள்ளைகள் மேலே இருந்து காலால் கலக்கிக்கொண்டு வருவார்கள். தூக்கும்போது துள்ளுவதில் பாதி பனையேறிக் கெண்டை. அதன் செவுள்மூடி அரம் போலிருக்கும். பிடிக்கத் தெரியாத விரலில் ரத்தம் வரும். காற்றையும் சுவாசிக்கும் மீன் அது. ஈரத் தகரத்தில் போட்டால் மாலைவரை உயிரோடு கிடக்கும், ஐஸ் தேவையில்லை. அடுப்புச் சாம்பல் போட்டு உரசிச் செதிலும் வழவழப்பும் போக்கிப் புளிக்குழம்பில் போடுவார்கள். விராலுக்குத் தனி மரியாதை. பிள்ளை பெற்றவளுக்கும் காயம் பட்டவருக்கும் விரால் சாறு புண்ணை ஆற்றும் என்பது தமிழர், மலாய்க்காரர், சீனர் மூவரிடமும் உள்ள நம்பிக்கை. இந்தத் தேட்டத்தில் பெண்ணும் பிள்ளையும் முன்னே நின்றார்கள் என்பதை வரலாற்றாசிரியர்கள் கவனிக்க வேண்டும். கூலிப் பட்டியலில் குறைந்த காசு பெற்றவர்கள் இங்கே அடுப்பை அணையாமல் காத்தார்கள்.

வேட்டை ஆண்களுடையது. இளங்கன்றுகளைக் கிளறிப் போடும் காட்டுப்பன்றி தோட்டத்துக்கும் பகை என்பதால், நாய், ஈட்டி, கம்பிக் கண்ணி கொண்டு அதைப் பிடிப்பதற்கு எதிர்ப்பு குறைவு. கறியைக் கூறு போட்டுப் பங்கிடுவார்கள். 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில் ஊரடங்கும் உணவுக் கட்டுப்பாடும் காட்டோரத்தை ஆபத்தான இடமாக்கின. வேட்டை சுருங்கி, லயத்துக்கு அருகிலிருந்த கால்வாயின் மதிப்பு கூடியிருக்க வேண்டும் என்பது என் அனுமானம்.

சட்டம் தோட்டத் தமிழரை எப்படிப் பார்த்தது? 2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 51-ஆம் பிரிவு, பட்டியலில் உள்ள சில விலங்குகளை உணவுக்காக வேட்டையாடப் பூர்வகுடியினருக்கு இடம் தருகிறது. அது நியாயமான உரிமை. அதில் பங்கு கேட்பது என் நோக்கமல்ல. உணவுத் தேட்டத்தைப் பிறப்போடு மட்டும் இணைத்துப் பார்க்கும் பழக்கமே என் கேள்வி. அலாஸ்காவில் 1980-இல் வந்த கூட்டரசுச் சட்டம் வேறு வழி எடுத்தது. யூக்கோன் போன்ற ஆறுகளின் கரையில் சால்மன் பிடித்துக் குளிர்காலத்துக்கு உலர்த்தும் கிராமங்களில், பூர்வகுடி ஆனாலும் வந்தேறி ஆனாலும், நாட்டுப்புறத்தில் வாழ்பவர் என்ற தகுதியே கூட்டரசு நிலங்களில் முன்னுரிமைக்கு அடிப்படை. அங்கே பிடிக்கும் மீன் ஒரு பொருளாதாரமாக எண்ணப்படுகிறது. தோட்டத் தமிழனோ கூலிக்காரன் என்ற ஒரே பெயரில் அடைபட்டான். கூலிக்காரனுக்கு ஆறு இருக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

இதன் விலை பின்னால் தெரிந்தது. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. பூச்சிமருந்தும் களைக்கொல்லியும் அதே கால்வாய்களில் கலந்தன. பாராகுவாட்டுக்கு 2020-இல்தான் தடை வந்தது. தோட்டங்கள் கைமாறியபோது, 1980-ஆம் ஆண்டு பணிநிறுத்தப் பயன் விதிகள் இழப்பீட்டை அளந்தன: ஐந்தாண்டும் அதற்கு மேலும் உழைத்தவருக்கு ஆண்டுக்கு 20 நாள் கூலி. அடுக்குமாடிக்குப் போன குடும்பம் அதற்குப் பிறகு ஒவ்வொரு மீனையும் காசு கொடுத்து வாங்கியது. அந்தச் செலவு 20 நாள் கணக்கில் இல்லை.

பத்து காஜாவில் 14 பழைய ஈயக் குட்டைகள் இன்று கிந்தா இயற்கைப் பூங்காவுக்குள் இருக்கின்றன. கொக்கும் நாரையும் அங்கே மீன் பிடிக்கின்றன. பறவைகளை எண்ணும் பணி நல்ல பணி. அதோடு, லயத்தில் வளர்ந்து இப்போது எழுபதைத் தாண்டிய பெண்களிடம் ஒரு கணக்கெடுப்பும் நடக்க வேண்டும்: எந்தக் கால்வாய், எந்த மாதம், என்ன மீன், எத்தனை வேளைக்கு வந்தது, பக்கத்து வீட்டுக்கு எவ்வளவு போனது. கால்வாய்கள் பல தூர்ந்துவிட்டன. கேட்க வேண்டியவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள்.