ஊதிய வரம்பும் சிறு கழகங்களும்

வரவறிந்து செலவிடுதல் இல்லறத்துக்கு மட்டுமன்று, காற்பந்துக் கழகத்துக்கும் பொருந்தும். ஆயின், அச்சிக்கனத்தின் சுமையைத் தாங்குபவர் யார்? இங்கிலாந்தின் வரலாறு இதற்கு விடை பகரும்.

ஆட்டக்காரரின் வார ஊதியம் 4 பவுனுக்கு மேற்படலாகாது என அங்கு 1901இல் விதித்தனர். செல்வம் மிக்க கழகங்கள் திறனாளரையெல்லாம் கவர்ந்துகொண்டால் சிறு கழகங்கள் அழியும் என்பது அவர்தம் வாதம். அறுபதாண்டுகளில் அவ்வரம்பு 20 பவுனளவே உயர்ந்தது. ஜிம்மி ஹில் தலைமையில் ஆட்டக்காரர் சங்கம் வேலைநிறுத்தத்திற்கு ஆயத்தமாகவே, 1961இல் அது நீக்கப்பட்டது. அவ்வாண்டே ஜானி ஹெயின்ஸ் வாரத்திற்கு 100 பவுன் பெறலானார்.

கட்டு நீங்கிய பின்னர் வரவை மீறிய செலவு வேறொரு தீங்காய் முளைத்தது. மான்செஸ்டரை அடுத்த பெரி நகரில் 1885இல் தோன்றிய கழகம், பணமுடையால் 2019இல் கூட்டமைப்பினின்று விலக்கப்பட்டது. தொற்றுநோயால் அரங்குகள் வெறிச்சோடிய 2020இல், மூன்றாம், நான்காம் பிரிவுக் கழகங்களின் ஊதியச் செலவுக்கு முறையே 25 இலட்சம், 15 இலட்சம் பவுன் என ஆண்டு வரம்பிட்டனர். தம்முடன் முறைப்படி கலந்து பேசவில்லை என்னும் சங்கத்தின் முறையீட்டை ஏற்று, 2021 பிப்ரவரியில் நடுவர் குழு அதனைத் தள்ளிற்று. வருவாய்க்கேற்ற விகித வரம்பே மீண்டது.

கழகம் வீழ்ந்தால் ஆட்டக்காரருக்குப் பிழைப்பில்லை. ஆட்டக்காரர் வாடினால் கழகத்திற்குப் பெருமையில்லை. இருவரும் கூடி வகுக்கும் விதியே நிலைபெறும்.