கடல் இல்லை... ரெயில் இருக்கு! டாங்கி செய்யும் ஆவடி, மாநகராட்சி ஆன கதை

ஆவடி:

சென்னையில் 'வசதியான ஏரியா' எது என்று கேட்டால், எல்லாரும் கிழக்கு கடற்கரை சாலை பக்கம்தான் கை காட்டுவாங்க. நீலாங்கரை, ஈஞ்சம்பாக்கம், அக்கரை என்று வரிசையாக பங்களாக்கள். சினிமா நட்சத்திரங்கள், தொழில் அதிபர்கள் வீடுகள். மாடியில் நின்றால் கடல் காற்று. வாசலில் 2 கார்.

ஆனா ஒரு குறை. அந்த பக்கம் மின்சார ரெயில் கிடையாது. பறக்கும் ரெயில் திருவான்மியூர் வரை வந்துவிட்டு வேளச்சேரி பக்கம் திரும்பிடும். கார், பைக் இல்லாதவங்களுக்கு பஸ்தான் கதி.

ஆவடி கதை இதற்கு நேர் எதிர். இங்கே கடல் கிடையாது. ஏரி இருக்கு. பங்களா கம்மி. ரெயில் ஜாஸ்தி. சென்னை சென்டிரலில் இருந்து மேற்கே சுமார் 21 கிலோ மீட்டர். காலையில் சாப்பாட்டு பையோடு ஓடிப்போய் ரெயில் பிடிக்கும் ஜனங்களால் வளர்ந்த ஊர் இது. இன்று தனி மாநகராட்சி, தனி போலீஸ் கமிஷனர், 21 மாடி டைடல் பூங்கா என்று கலக்குது.

பெயர் வந்தது எப்படி?

'ஆவடி' என்பது 'ஆர்மர்டு வெஹிகிள்ஸ் அண்ட் டிப்போ ஆப் இந்தியா' என்ற ஆங்கில பெயரின் சுருக்கம் என்று பலரும் சொல்வாங்க. பள்ளிக்கூட பசங்க கூட இதை ஒப்பிப்பாங்க. கேட்க ஜோராக இருக்கு. ஆனா உண்மை இல்லை.

டாங்கி தொழிற்சாலை வந்தது 1961-ம் ஆண்டுதான். அதற்கு முன்பே 1955-ல் இங்கு நடந்த காங்கிரஸ் மாநாட்டுக்கு 'ஆவடி காங்கிரஸ்' என்றுதான் பெயர். பெயர் முதலில், தொழிற்சாலை பிறகு! பசு மாட்டை குறிக்கும் 'ஆ' என்ற பழைய சொல்லில் இருந்து வந்த பெயர் என்று சொல்வோரும் உண்டு.

மாநகராட்சிக்குள் இருக்கும் திருமுல்லைவாயல் இன்னும் பழமையானது. மாசிலாமணீஸ்வரர் கோவில் தேவார பாடல் பெற்ற தலம். தொண்டைமான் மன்னனின் யானை இங்கு முல்லை கொடியில் கால் சிக்கி நின்றதாக தல வரலாறு சொல்கிறது. அம்மன் பெயர் கொடியிடை நாயகி. வெள்ளிக்கிழமையும் பவுர்ணமியும் சேர்ந்து வந்தால், மேலூர் திருவுடை அம்மன், திருவொற்றியூர் வடிவுடை அம்மன், இங்குள்ள கொடியிடை அம்மன் என 3 கோவிலுக்கும் ஒரே நாளில் போய் வரும் பெண்கள் கூட்டம் இன்றும் அலை மோதும்.

நாடே பேசிய மாநாடு

1955 ஜனவரியில் ஆவடியில் நடந்த அகில இந்திய காங்கிரஸ் மாநாட்டுக்கு யு.என்.தேபர் தலைமை தாங்கினார். பிரதமர் நேரு வந்திருந்தார். அப்போது இந்த மாநிலத்தின் முதல்-அமைச்சர் காமராஜர். 'சோசலிச பாணி சமுதாயம்' அமைப்பதே லட்சியம் என்ற தீர்மானம் இங்குதான் நிறைவேறியது. பொருளாதார வரலாறு படிக்கிறவங்க இன்றும் 'ஆவடி தீர்மானம்' என்று சொல்வது இதைத்தான். மாநாடு நடந்த பகுதிக்கு வைத்த சத்தியமூர்த்தி நகர் என்ற பெயர் இன்றும் அப்படியே இருக்கு.

தீர்மானம் போட்ட சில ஆண்டுகளிலேயே அரசு தொழிற்சாலைகளும் வந்து சேர்ந்தன.

டாங்கி, சீருடை, என்ஜின்

2-ம் உலகப்போர் காலத்திலேயே ஆவடியில் ராணுவ கிடங்குகள் இருந்தன. 1961-ல் கனரக வாகன தொழிற்சாலை தொடங்கப்பட்டது. ஊர்க்காரங்க பாஷையில் 'எச்.வி.எப்.'. இங்கிலாந்தின் விக்கர்ஸ் நிறுவன தொழில்நுட்பத்தோடு 1965-ல் 'விஜயந்தா' டாங்கி இங்கிருந்து வெளியே வந்தது. பிறகு அஜேயா, பீஷ்மா, அர்ஜூன் என்று வரிசை. 118 அர்ஜூன் மார்க்-1ஏ டாங்கிகளுக்கு ரூ.7,523 கோடியில் ஆர்டர் கிடைத்தது 2021 செப்டம்பரில்.

ராணுவ வீரர்களுக்கு சீருடை தைக்கும் ஓ.சி.எப்., டாங்கி என்ஜின் தயாரிக்கும் என்ஜின் பேக்டரி, டாங்கி ஆராய்ச்சி மையம் என்று பக்கத்து பக்கத்தில் மத்திய அரசு நிறுவனங்கள். அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964-ல் வந்தது. சைக்கிள் கம்பெனி, டயர் கம்பெனி, லேத்து பட்டறை, பவுண்டரி என்று மேற்கு சென்னை முழுக்க ஷிப்ட் சங்கு ஊதியது. வெளி மாவட்டங்களில் இருந்தும், ஆந்திரா, கேரளாவில் இருந்தும் வேலைக்கு வந்தவங்க இங்கேயே மனை வாங்கி, ஓடு போட்டு, பிறகு மாடி கட்டினாங்க. ஆவடியின் பல நகர்கள் இப்படி உருவானவைதான்.

2021 அக்டோபர் 1-ந் தேதி நாடு முழுவதும் 41 ராணுவ தளவாட தொழிற்சாலைகள் 7 அரசு கம்பெனிகளாக பிரிக்கப்பட்டன. எச்.வி.எப். உள்ள கம்பெனிக்கு ஆவடிதான் தலைமையிடம். சீருடை தைக்கும் ஓ.சி.எப். கான்பூரை தலைமையிடமாக கொண்ட வேறு கம்பெனிக்கு போனது. இந்த மாற்றத்தை எதிர்த்து தொழிற்சங்கங்கள் போராடின. அப்பா வேலை பார்த்த பேக்டரியில் பிள்ளையும் நிரந்தர வேலைக்கு போகலாம் என்ற பழைய நம்பிக்கை இப்போ இந்த ஊரில் குறைஞ்சு போச்சு. அந்த பிள்ளைகள் இன்று கம்ப்யூட்டர் கம்பெனி, டெலிவரி வேலை, ஒப்பந்த வேலை என்று போறாங்க.

ரெயில்தான் உயிர்

தென் இந்தியாவின் முதல் பயணிகள் ரெயில் பாதை 1856 ஜூலை 1-ந் தேதி ராயபுரத்தில் இருந்து வாலாஜா ரோடு வரை திறக்கப்பட்டது. அந்த பாதை ஆவடி வழியாகத்தான் போனது. 1979-ல் திருவள்ளூர் வரை மின்சார ரெயில் வந்ததும் ஊரின் ஜாதகமே மாறிடுச்சு.

ஆவடியில் ஏறினால் அண்ணனூர், திருமுல்லைவாயல், அம்பத்தூர், பட்டரவாக்கம், கொரட்டூர், வில்லிவாக்கம், பெரம்பூர் என்று வழியெல்லாம் வேலை இருக்கும் ஊர்கள். தொழிற்பேட்டைக்கு போறவங்க பட்டரவாக்கத்தில் இறங்குவாங்க. பாரிமுனை, பூக்கடை போறவங்க சென்டிரல், கடற்கரை வரை போவாங்க. மாத சீசன் டிக்கெட் எடுத்தால் செலவு பஸ்சை விட குறைவு. சம்பளம் குறைவாக வாங்குறவங்க தூரமாக குடியிருந்தாலும் தாக்குப்பிடிக்க முடிவது இதனால்தான்.

காலை, மாலை நேரத்தில் நிற்க இடம் கிடைக்காது என்பது உண்மை. அவசரத்தில் தண்டவாளத்தை கடப்பவர்களும் குறையவில்லை. நடைமேம்பாலம் ஏற 3 நிமிடம் ஆகும். வீட்டில் காத்திருப்பவர்களை நினைத்தால் அது பெரிய நேரம் இல்லை.

கோயம்பேட்டில் இருந்து பாடி, அம்பத்தூர், ஆவடி வழியாக பட்டாபிராம் வரை சுமார் 22 கிலோ மீட்டருக்கு மெட்ரோ ரெயில் விட திட்டம் இருக்கு. மதிப்பு ரூ.9 ஆயிரம் கோடிக்கு மேல். 2025-ல் தமிழக அரசு இதற்கு ஒப்புதல் கொடுத்தது.

மாநகராட்சி அந்தஸ்து

பக்கத்தில் உள்ள அம்பத்தூர் நகராட்சி 2011-ல் சென்னை மாநகராட்சியோடு இணைந்து 7-வது மண்டலம் ஆனது. ஆவடி சேரவில்லை. 2019 ஜூனில் தனி மாநகராட்சி ஆனது. 2022 பிப்ரவரியில் 48 வார்டுகளுக்கும் தேர்தல் நடந்தது. 2022 ஜனவரி 1-ந் தேதி முதல் ஆவடிக்கு தனி போலீஸ் கமிஷனர் அலுவலகமும் செயல்படுது. 2011 கணக்கெடுப்பில் மக்கள் தொகை 3 லட்சத்து 45 ஆயிரத்து 996.

பட்டாபிராமில் ரூ.330 கோடியில் கட்டிய 21 மாடி டைடல் பூங்காவை 2024 நவம்பரில் முதல்-அமைச்சர் மு.க.ஸ்டாலின் திறந்து வைத்தார். பக்கத்திலேயே நெமிலிச்சேரியில் வண்டலூர்-மீஞ்சூர் வெளிவட்ட சாலை போகுது. ஐ.டி. வேலையும் அகல சாலையும் சேர்ந்து வந்தால் நிலத்தின் விலை சும்மா இருக்குமா?

ஏரி பார்த்த வீடு

கிழக்கு கடற்கரை சாலையில் 'கடல் தெரியும் வீடு' என்று விளம்பரம் செய்வாங்க. ஆவடியில் 'ஏரி தெரியும் வீடு'. பருத்திப்பட்டு ஏரி ஒரு காலத்தில் கழிவுநீரும் ஆகாயத்தாமரையுமாக கிடந்தது. தூர் வாரி, நடைபாதை, படகு சவாரியோடு 2019-ல் பசுமை பூங்காவாக திறந்தார்கள். சாயங்காலம் ஆனால் குடும்பம் குடும்பமாக கூட்டம். சுற்றிலும் அடுக்குமாடி வீடுகள்.

இங்கேதான் சிக்கலும் இருக்கு. மேற்கு சென்னை என்பதே ஏரிகளின் சங்கிலி. ஒரு ஏரி நிரம்பினால் உபரிநீர் கால்வாய் வழியாக அடுத்த ஏரிக்கு போகும். நடுவில் கால்வாயை மூடி மனை போட்டால், தண்ணீர் தன் பழைய வழியை தேடி வீட்டுக்குள்ளே வரும். 2015 வெள்ளத்திலும், 2023 டிசம்பர் மிச்சாங் புயலிலும் ஆவடி, அம்பத்தூர் மக்கள் இதை இடுப்பளவு தண்ணீரில் நின்று படிச்சாங்க.

மனை, வீடு வாங்கும் முன்...

* பட்டா யார் பெயரில் இருக்கு என்று அரசின் இணையதளத்தில் சர்வே எண் போட்டு பாருங்க. 'நீர்நிலை புறம்போக்கு' என்று இருந்தால் தொடவே தொடாதீங்க.

* குறைந்தது 30 ஆண்டுக்கு வில்லங்க சான்று எடுங்க.

* சி.எம்.டி.ஏ. அல்லது மாநகராட்சி அனுமதி எண்ணை கேளுங்க. பெரிய லே-அவுட், அடுக்குமாடி என்றால் 'ரெரா' பதிவு எண்ணும் வேண்டும்.

* ராணுவ, விமானப்படை இடத்தை ஒட்டிய மனை என்றால் கட்டிடத்துக்கு கட்டுப்பாடு உண்டு. முன்கூட்டியே விசாரிங்க.

* மழைக்காலத்தில் ஒருமுறை நேரில் போய் பாருங்க. தெருக்காரங்களிடம் 2023 டிசம்பரில் தண்ணி எதுவரை வந்தது என்று கேளுங்க. புரோக்கர் சொல்லாததை பக்கத்து வீட்டு அம்மா சொல்லிடுவாங்க.

டைடல் பூங்கா, மெட்ரோ என்று ஒவ்வொன்றும் வரும்போது வாடகையும் ஒரு படி ஏறுது. டாங்கி செய்தவங்க, சீருடை தைத்தவங்க, லேத்து ஓட்டியவங்க சேர்ந்து உண்டாக்கிய ஊர் இது. அவங்க பிள்ளைகள் வாடகை கட்டி இதே ஊரில் குடியிருக்க முடியணும். அது முடியாமல் போய், அவங்க திருநின்றவூர், திருவள்ளூர் என்று அடுத்தடுத்த ஸ்டேஷனுக்கு தள்ளிப் போனால், ஆவடியும் இன்னொரு பணக்கார ஏரியா ஆகிவிடும்... கடல் மட்டும்தான் இருக்காது!