எலி வங்கி பிறந்த கதை

1947 அக்டோபரில் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் மழை பொய்த்துக் காடு காய்ந்து கிடந்தது. பார் ஹார்பர் என்ற கடலோரச் சிற்றூரை ஒட்டிப் பற்றிய காட்டுத்தீ, 23ஆம் தேதி காற்று திசை மாறியதும் சீறிப் பரவியது. பணக்காரர்களின் கோடைக்கால மாளிகைகளோடு ஜாக்சன் ஆய்வுக்கூடமும் எரிந்தது. கூண்டுகளில் இருந்த பல்லாயிரம் சுண்டெலிகளில் அநேகமாக எதுவும் மிஞ்சவில்லை.

எலிதானே, வேறு பிடித்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட முடியாது. கூடத்தை 1929இல் நிறுவிய கிளாரன்ஸ் குக் லிட்டில், ஹார்வர்டில் படித்துக்கொண்டிருந்த 1909லேயே உடன்பிறந்த எலிகளை இணைசேர்க்கத் தொடங்கியவர். இப்படி 20 தலைமுறை போனால் பிறக்கும் குட்டிகள் மரபணுவில் ஏறக்குறைய ஒன்றேபோல இருக்கும். ஒரே மருந்தைக் கொடுத்து ஒன்று பிழைத்து இன்னொன்று செத்தால், அதற்குப் பிறவி வேறுபாடு காரணமோ என்ற சந்தேகம் எழாது. இன்று உலகெங்கும் புழங்கும் ‘பிளாக் 6’ என்ற கறுப்பு வம்சத்தை அவர் 1921இல் தொடங்கினார். அதற்கு மூலமான எலிகள் கிரான்பி என்ற ஊரில் அபி லேத்ராப் வளர்த்தவை. பள்ளி ஆசிரியையாக இருந்து, பிறகு எலி வளர்த்து விற்றவர் அவர். எலிகளுக்கு வரும் கட்டிகளைக் கவனித்து ஆய்வுக் கட்டுரைகளும் எழுதியவர். லிட்டிலைத் தெரிந்த அளவுக்கு அவரை யாருக்கும் தெரியாது. நியாயமில்லைதான்.

இத்தனை வம்சங்களும் ஒரே நாளில் சாம்பலாயின. ஆனால் ஜாக்சன் கூடம் அதுவரை கேட்டவர்களுக்கெல்லாம் எலிகளை அனுப்பிவந்திருந்தது. செய்தி பரவியதும், அவற்றின் வாரிசுகளை வைத்திருந்த ஆய்வாளர்கள் பல இடங்களிலிருந்தும் ஜோடி ஜோடியாகத் திருப்பி அனுப்பினார்கள். வைத்திருந்தது எரிந்தது, கொடுத்தது தப்பித்தது. கூடம் மறுபடி எழுந்தது அந்த எலிகளைக் கொண்டுதான்.

இருந்தாலும் உயிருள்ள எலியை மட்டும் நம்பி ஒரு வம்சத்தைக் காக்க முடியாது. தீ ஒன்றுதான் பகை என்றில்லை. நோய் வரும், தலைமுறைக்குத் தலைமுறை மரபணு சிறிது சிறிதாக நகரும். பிளாக் 6 வம்சத்திலேயே ஜாக்சன் கிளையில் ‘என்என்டி’ என்ற மரபணுவின் ஒரு பகுதி எப்போதோ கழன்றுபோயிருக்கிறது. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்துக்கு 1951இல் போன கிளையில் அது முழுசாக இருக்கிறது. பெயர் ஒன்று, சர்க்கரையைக் கையாளும் விதம் வேறு.

வழி 1972இல் பிறந்தது. டேவிட் விட்டிங்ஹாம், ஸ்டான்லி லீபோ, பீட்டர் மேசர் மூவரும் எலிக் கருக்களை மைனஸ் 196 டிகிரியில் உறைய வைத்து, உருக்கி, வளர்ப்புத் தாயின் கருப்பையில் வைத்து உயிருள்ள குட்டிகளைப் பெற்றார்கள். சூட்சுமம் அவசரப்படாததில் இருந்தது. திடீரென்று குளிரவைத்தால் செல்லுக்குள் பனி ஊசிகள் உருவாகிக் கிழித்துவிடும். பாதுகாப்புத் திரவத்தில் போட்டு, நிமிடத்துக்கு ஒரு டிகிரி அளவில் மெல்லக் குளிரவைத்தால் தண்ணீர் வெளியேற நேரம் கிடைக்கும், கரு பிழைக்கும்.

1989இல் குறிப்பிட்ட ஒரு மரபணுவை முடக்கிய எலிகள் வந்தன. கபெக்கி, எவன்ஸ், ஸ்மித்திஸ் மூவருக்கும் 2007இல் நோபல் பரிசு வாங்கித் தந்த உத்தி அது. அதன்பின் வெள்ளம்தான். ஒவ்வொரு ஆய்வகமும் தனக்கென ஓர் எலியை உருவாக்கியது. பேராசிரியர் ஓய்வு பெற்றாலோ பணம் தீர்ந்தாலோ அந்த வம்சம் அதோடு சரி. 1992இல் ஜாக்சன் கூடம் இத்தகைய எலிகளை வாங்கி, உறைய வைத்து, கேட்பவர்க்கு அனுப்பத் தனிப் பிரிவு தொடங்கியது. ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் அதேபோல் வங்கிகள் வந்தன.

இந்தப் பகிர்வுக்குப் பூட்டுப் போடவும் ஆட்கள் இருந்தார்கள். புற்றுநோய் வரும்படி ஹார்வர்டில் உருவாக்கிய ‘ஆங்கோமவுஸ்’ எலிக்கு 1988இல் காப்புரிமை கிடைத்தது. உரிமம் வைத்திருந்த டூபாண்ட் நிறுவனம், அனுமதியின்றி எலியைக் கைமாற்றக் கூடாது, அதை வைத்துச் செய்யும் கண்டுபிடிப்பில் தனக்கும் பங்கு வேண்டும் என்றது. சுகாதார நிறுவனத்தின் தலைவராக இருந்த ஹெரால்ட் வார்மஸ் விடாமல் எதிர்த்தார். லாப நோக்கமற்ற ஆய்வாளர்கள் தாராளமாகப் பகிரலாம் என்ற உடன்பாடு 2000 ஜனவரியில்தான் வந்தது.

உறைய வைத்துப் பகிரும் ஏற்பாட்டின் பெறுமதி 2020இல் தெரிந்தது. புதிய கொரோனா சாதாரண எலியைத் தொற்றவில்லை. மனிதனின் ஏசிஇ2 புரதம் கொண்ட எலி தேவைப்பட்டது. சார்ஸ் நோய்க்காக அப்படி ஒன்றை ஐயோவா பல்கலைக்கழகத்தின் ஸ்டான்லி பெர்ல்மன், பால் மெக்ரே குழு உருவாக்கி 2007லேயே வெளியிட்டிருந்தது. சார்ஸ் ஓய்ந்ததும் கேட்பாரில்லை. ஆனால் விந்தணுவை உறைய வைத்திருந்தார்கள். அது பார் ஹார்பருக்குப் போனது; செயற்கைக் கருவூட்டலில் குட்டிகள் பிறந்து, அந்தக் கோடையிலேயே ஆய்வுக்கூடங்களுக்குப் புறப்பட்டன. புதிதாக உருவாக்கிப் பெருக்கியிருந்தால் இன்னும் பல மாதங்கள் போயிருக்கும்.