வீட்டிலே வானொலி வைத்த உளவியல் பேராசிரியர்



பரிசளிப்பு விழா மலரில் மனத்தைப் பற்றிய சாஸ்திரம் எதற்கு என்று கேட்பீர்கள். "எம்புள்ள மக்கு சார், அவனுக்குப் படிப்பு ஏறாது" என்று பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே சொல்கிறீர்களே, அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பிள்ளையின் அறிவை அளக்க முடியுமா? பிரான்சு தேசத்து ஆல்ஃபிரட் பினே, 1905இல் சிமோன் என்பவரோடு சேர்ந்து ஓர் அளவுகோல் செய்தார். படிப்பில் பின்தங்கிய பிள்ளைகளைக் கண்டுபிடித்துத் தனிக் கவனம் கொடுக்க அது பிறந்தது. பின்னாளில் லண்டனில் பேராசிரியரான ஸ்பியர்மன், எல்லாத் திறமைக்கும் அடியில் பொதுவான அறிவுத்திறன் ஒன்று உண்டு என்று 1904லேயே கணக்குப் போட்டுக் காட்டியிருந்தார்.

அந்த ஸ்பியர்மனிடம் பயின்றவர்தான் எம்.வி. கோபாலசுவாமி. இந்தியாவில் உளவியலுக்கென்று முதல் துறை 1916இல் கல்கத்தாவில் ஏற்பட்டது. அடுத்தது 1924இல் மைசூரில். அதை நிறுவியவர் இவரே. நம் கேமரன் மலையில் போ தேயிலைத் தோட்டம் 1929இல் தொடங்கியபோது அந்தத் துறைக்கு ஐந்து வயது!

மேல்நாட்டுச் சோதனைகளை அப்படியே நீட்டாமல், இந்தியப் பிள்ளைகளுக்கு ஏற்றபடி மாற்றி அமைத்தார் கோபாலசுவாமி. இது லேசுப்பட்ட வேலை இல்லீங்க. பாரிஸ் பிள்ளைக்குத் தெரிந்த பொருளை நம்ம பிள்ளையிடம் காட்டிப் பேர் கேட்டால் முழிக்கத்தான் செய்யும். அதே நம்ம பிள்ளை, கொழுந்து எது, முற்றின இலை எது என்று தூரத்திலேயே பிரித்துச் சொல்லும். பட்டணத்துப் பிள்ளைக்கு ரெண்டும் ஒரே பச்சை! இதில் யார் மக்கு? கேள்வி எந்த ஊரிலிருந்து வருகிறது என்று பார்க்காமல் மார்க்கை மட்டும் பார்த்தால் இப்படித்தான் ஆகும். மாறாத அறிவென்று ஒன்றில்லை, பயிற்சியால் வளரும் என்று பினேயே 1909இல் எழுதிவிட்டார். ஸ்பியர்மனின் கணக்கைவிட இந்தப் பேச்சுதான் எனக்குப் பிடிக்கிறது. ரிப்போர்ட் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு திட்ட வருமுன், பிள்ளை எந்தக் கேள்வியில் தடுக்கியது என்று எங்களிடம் வந்து கேளுங்கள்.

கோபாலசுவாமி வகுப்பறையோடு நிற்கவில்லை. 1935 செப்டம்பர் 10இல், மைசூரில் தம் சொந்த வீட்டிலேயே சிறிய ஒலிபரப்பி ஒன்றை வைத்து வானொலி நிலையம் தொடங்கினார். உளவியல் வாத்தியாருக்கு வானொலி எதற்கு என்று ஊரார் கேட்டிருப்பார்கள்! பிறகு மைசூர் சமஸ்தானமே அதை ஏற்று நடத்தியது. ஆகாசவாணி என்பது அந்த நிலையத்தின் பெயர். பின்னாளில் அகில இந்திய வானொலி தனக்குச் சூட்டிக்கொண்டதும் அதே பெயர்தான்.