'இணைப்பு பாதுகாப்பானது அல்ல': எச்சரிக்கும் உலாவி... பிழை யாருடையது, தீர்வு என்ன?

பெங்களூரு: வங்கிக் கணக்கைப் பார்க்கவோ, மின் கட்டணம் செலுத்தவோ இணையதளத்தைத் திறக்கும்போது, வழக்கமான பக்கத்துக்குப் பதிலாக 'இணைப்பு பாதுகாப்பானது அல்ல' என்ற பொருளில் எச்சரிக்கை தோன்றுவது பலருக்கும் பழக்கமான ஒன்றாகிவிட்டது. அவசரத்தில் இருப்பவர்கள் அந்த எச்சரிக்கையைக் கடந்து உள்ளே சென்றுவிடுகின்றனர். சில வேளைகளில் அதனால் தீங்கு எதுவும் நேர்வதில்லை. வேறு சில வேளைகளில் கடவுச்சொல்லும் பணமும் பறிபோக அதுவே வழியாகிவிடுகிறது. எனவே, எந்த எச்சரிக்கை எதனால் வருகிறது, அதைச் சரிசெய்ய வேண்டியவர் யார் என்பதைப் பயனர்கள் அறிந்திருப்பது அவசியமாகிறது.

உலாவி சரிபார்க்கும் 3 விவரங்கள்: 'எச்டிடிபிஎஸ்' என்று தொடங்கும் முகவரியைத் திறந்தவுடன், அந்த இணையதளம் தனது டிஜிட்டல் சான்றிதழை பிரவுசர் எனப்படும் உலாவியிடம் காட்டுகிறது. சான்றிதழில் உள்ள பெயரும் பயனர் திறந்த முகவரியும் ஒன்றா, சான்றிதழின் காலம் முடியாமல் இருக்கிறதா, அதை வழங்கிய அமைப்பு நம்பத்தக்கதா என்ற 3 விவரங்களை உலாவி சரிபார்க்கிறது. மூன்றும் சரியாக இருந்தால் மட்டுமே, இடையில் எவரும் படிக்க முடியாதபடி தகவல் குறியாக்கம் செய்யப்பட்டுப் பரிமாறப்படும். ஏதேனும் ஒன்று பொருந்தாவிட்டாலும் எச்சரிக்கைப் பக்கம் தோன்றும்.

தேதியால் வரும் பிழை: எச்சரிக்கையின் கீழே சிறிய எழுத்தில் காணப்படும் பிழைக் குறியீட்டில் 'டேட் இன்வேலிட்' என்ற சொற்கள் இருந்தால், முதலில் பார்க்க வேண்டியது சொந்தக் கருவியின் கடிகாரத்தைத்தான். பழைய மேசைக் கணினிகளில் மதர்போர்டில் உள்ள சிறிய பொத்தான் பேட்டரி தீர்ந்துவிட்டால், கணினியின் தேதி பல ஆண்டுகள் பின்னோக்கிச் சென்றுவிடும். அப்போது செல்லுபடியாகும் சான்றிதழும் செல்லாததாகத் தோன்றும். ஒரே நேரத்தில் பல இணையதளங்கள் இந்தப் பிழையைக் காட்டுவது இதன் அடையாளம். கைப்பேசியில் தேதி, நேரத்தைத் தானாகப் பெறும் அமைப்பை இயக்கினாலே சிக்கல் தீர்ந்துவிடும். கடிகாரம் சரியாக இருந்து, ஒரு தளம் மட்டும் பிழை காட்டினால், அத்தளத்தின் நிர்வாகம் சான்றிதழைப் புதுப்பிக்கவில்லை என்று பொருள். அதைப் பயனரால் சரிசெய்ய இயலாது.

பெயர் பொருந்தாத பிழை: குறியீட்டில் 'காமன் நேம் இன்வேலிட்' என்று இருந்தால், சான்றிதழ் வேறொரு முகவரிக்கு உரியது. முகவரியைத் தட்டச்சு செய்தபோது ஓர் எழுத்து மாறியிருக்கலாம் என்பதால், அதை மீண்டும் எழுத்தெழுத்தாகச் சரிபார்க்க வேண்டும். குறுஞ்செய்தியிலோ வாட்ஸ்அப்பிலோ வந்த இணைப்பைத் தொட்டபோது இந்தப் பிழை தோன்றினால், அந்தப் பக்கத்தை உடனே மூடிவிடுவதே நல்லது.

பொது வைஃபை: ரயில் நிலையம், விமான நிலையம், விடுதி போன்ற இடங்களில் வைஃபை வசதியைப் பயன்படுத்த, முதலில் ஓர் உள்நுழைவுப் பக்கத்தில் கைப்பேசி எண்ணையும் ஓடிபியையும் பதிவு செய்ய வேண்டியிருக்கும். அதற்கு முன்பே வேறு இணையதளத்தைத் திறக்க முயன்றால், அந்த நெட்வொர்க் இடைமறித்துத் தனது பக்கத்தைக் காட்ட முற்படும். உலாவி அதை ஏற்காமல் எச்சரிக்கும். கைப்பேசியின் அறிவிப்புப் பகுதியில் தோன்றும் 'உள்நுழைக' அறிவிப்பைத் தொட்டு, பதிவை முடித்தபின் தளத்தை மீண்டும் திறந்தால் போதும். பதிவு செய்த பின்னரும் எச்சரிக்கை தொடர்ந்தால், வைஃபையைத் துண்டித்து மொபைல் டேட்டாவில் முயன்று பார்க்கலாம். அதில் தளம் சரியாகத் திறந்தால், சிக்கல் அந்த வைஃபையில் உள்ளது என்பது தெளிவாகும்.

வழங்கியவர் யார் என்ற பிழை: 'அத்தாரிட்டி இன்வேலிட்' என்ற குறியீடு, சான்றிதழை வழங்கிய அமைப்பை உலாவி நம்பவில்லை என்பதைக் குறிக்கிறது. இதற்குக் காரணங்கள் பல. ஆன்டிவைரஸ் மென்பொருளோ, அலுவலக நெட்வொர்க்கோ இணைப்பை இடையில் ஆய்வு செய்யலாம். தள நிர்வாகம் இடைநிலைச் சான்றிதழை இணைக்கத் தவறியிருக்கலாம். இத்தகைய தளம் ஒரு கருவியில் திறக்கும், மற்றொன்றில் திறக்காது.

கருவி பழையதாக இருப்பதும் மற்றொரு காரணம். இலவசச் சான்றிதழ் வழங்கும் 'லெட்ஸ் என்கிரிப்ட்' அமைப்பு தொடக்கத்தில் சார்ந்திருந்த மூலச் சான்றிதழ் 2021 செப்டம்பர் 30-ஆம் தேதி காலாவதியானபோது, நீண்ட நாள்களாகப் புதுப்பிக்கப்படாத பல கருவிகளில் இணையதளங்கள் திறக்கவில்லை. 7.1.1-க்கு முந்தைய ஆண்ட்ராய்டு பதிப்புகளில் அந்த அமைப்பின் புதிய மூலச் சான்றிதழ் இடம்பெறவில்லை. இயங்குதளத்தையும் உலாவியையும் புதுப்பிப்பதே இதற்குத் தீர்வு.

நம்பிக்கைப் பட்டியலும் இந்தியாவும்: எந்த அமைப்பை நம்புவது என்பதை ஒவ்வோர் உலாவியும் ஒரு பட்டியலாக வைத்திருக்கிறது. கூகுள், மைக்ரோசாப்ட், ஆப்பிள், மொசில்லா ஆகியவை இத்தகைய பட்டியல்களைப் பராமரிக்கின்றன. இந்தியாவில் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் கீழ் செயல்படும் சான்றளிப்பு அமைப்புகளின் கட்டுப்பாட்டாளரான சி.சி.ஏ., நாட்டுக்கான மூலச் சான்றிதழைப் பராமரிக்கிறது.

அந்த வரிசையின் கீழ் இயங்கிய தேசிய தகவல் மையத்தின் சான்றளிப்புப் பிரிவிலிருந்து, கூகுளின் முகவரிகளுக்கு அனுமதியற்ற சான்றிதழ்கள் வழங்கப்பட்டிருப்பதை 2014 ஜூலை 2-ஆம் தேதி கூகுள் கண்டறிந்தது. மறுநாளே அம்மையத்தின் இடைநிலைச் சான்றிதழ்களை சி.சி.ஏ. ரத்து செய்தது. அதன்பின், சி.சி.ஏ. வரிசைச் சான்றிதழ்களை அரசு, கல்வி நிறுவனங்கள் உள்ளிட்ட சில முகவரிகளுக்கு மட்டுமே ஏற்கப்போவதாக கூகுள் அறிவித்தது. பயர்பாக்ஸின் பட்டியலில் அந்த மூலச் சான்றிதழ் அப்போதே இடம்பெற்றிருக்கவில்லை.

இந்தப் பின்னணியில், சி.சி.ஏ.வின் மூலச் சான்றிதழைத் தனது நம்பிக்கைப் பட்டியலில் கொண்ட உள்நாட்டு உலாவியை உருவாக்கும் போட்டியை மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் 2023 ஆகஸ்டில் அறிவித்தது. போட்டியை பெங்களூருவில் உள்ள சி-டாக் மையம் நடத்தியது. 2025 மார்ச்சில் அறிவிக்கப்பட்ட முடிவில், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட சோஹோ நிறுவனத்தின் அணி ரூ.1 கோடி முதல் பரிசைப் பெற்றது. இதனிடையே, பெங்களூருவைத் தலைமையிடமாகக் கொண்ட இமுத்ரா நிறுவனத்தின் 'எம்சைன்' மூலச் சான்றிதழ்கள் மொசில்லா, மைக்ரோசாப்ட் உள்ளிட்டவற்றின் பட்டியல்களில் இடம்பிடித்துள்ளன.

கடந்து செல்லலாமா?: கடவுச்சொல், ஓடிபி, அட்டை எண், ஆதார் எண் ஆகியவற்றில் எதையேனும் கேட்கும் தளத்தில் எச்சரிக்கையைக் கடந்து செல்லவே கூடாது. சில தளங்களில் கடந்து செல்லும் பொத்தானே இருக்காது. பாதுகாப்பான இணைப்பு இல்லாமல் திறக்கவே கூடாது என்று அத்தளங்கள் உலாவிக்கு முன்கூட்டியே அறிவுறுத்தியிருப்பதே அதற்குக் காரணம். அறிமுகமற்றவர் சொல்லும் சான்றிதழ் கோப்பைக் கருவியில் நிறுவுவதும் ஆபத்தானது. அதை நிறுவியபின், இடைமறிப்பவரின் போலித் தளத்தையும் உலாவி எச்சரிக்காமல் திறந்துவிடும்.

பூட்டுச் சின்னம் போதுமா?: எச்சரிக்கை வராததாலேயே ஒரு தளம் நேர்மையானது என்று கொள்ள முடியாது. இணைப்பு குறியாக்கம் செய்யப்பட்டது என்பதை மட்டுமே பூட்டுச் சின்னம் காட்டுகிறது. போலித் தளம் நடத்துபவரும் தனது முகவரிக்கு இலவசச் சான்றிதழ் பெற முடியும். இந்தத் தவறான புரிதலைத் தவிர்க்கவே, 2023-இல் குரோம் உலாவி பூட்டுச் சின்னத்துக்குப் பதிலாக வேறொரு சின்னத்தைக் கொண்டுவந்தது. வங்கிகள் 2025 அக்டோபர் 31-ஆம் தேதிக்குள் 'பேங்க் டாட் இன்' என முடியும் முகவரிக்கு மாற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி அறிவுறுத்தியதன் நோக்கமும், உண்மையான வங்கித் தளத்தை மக்கள் எளிதில் அடையாளம் காண வேண்டும் என்பதே.

குறையும் சான்றிதழ் காலம்: 2020 செப்டம்பர் முதல் அதிகபட்சம் 398 நாள்களாக இருந்த சான்றிதழ் காலத்தை, 2026 மார்ச் 15 முதல் 200 நாள்கள், 2027 மார்ச் 15 முதல் 100 நாள்கள், 2029 மார்ச் 15 முதல் 47 நாள்கள் எனக் குறைக்க உலாவி நிறுவனங்களும் சான்றளிப்பு அமைப்புகளும் அடங்கிய மன்றம் 2025-இல் முடிவெடுத்தது. சான்றிதழைக் கைமுறையாகப் புதுப்பித்துவரும் சிறு நிறுவனங்கள் தானியங்கி முறைக்கு மாறாவிட்டால், அவற்றின் தளங்களில் காலாவதி எச்சரிக்கை அடிக்கடி தோன்ற நேரிடும்.

எச்சரிக்கையைக் கண்டவர்கள் கடிகாரம், முகவரி, நெட்வொர்க், புதுப்பிப்பு என்ற வரிசையில் சரிபார்க்கலாம். நான்கும் சரியாக இருந்தும் பிழை நீடித்தால், அத்தளத்தின் நிர்வாகத்துக்குத் தெரிவித்துவிட்டுக் காத்திருப்பதே பாதுகாப்பானது. எச்சரிக்கையைக் கடந்து சென்று பணத்தை இழந்தவர்கள், தாமதமின்றி 1930 என்ற தேசிய சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் அளிக்க வேண்டும்.